இடப்பக்கம்

முதலில் கார்தான் சொன்னது.
மூன்று வாரத்தில் மூன்று கீறல்,
மூன்றும் இடப்பக்கம்.
தூணைத் திட்டினேன்.
அதன் மஞ்சள் பெயின்ட்
என் கதவில் ஒட்டியிருந்தது.

பிறகு ஏழாம் வகுப்பு சி பிரிவு.
இடவரிசைப் பிள்ளைகள் கை தூக்கினால்
மிஸ் கண்டுகொள்வதேயில்லை என்று
யாரோ ஒருத்தியின் தாய் புகார் எழுதினாள்.
எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கோபமில்லை.
அவர்கள் அங்கே இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ரூவி சூப்பர்மார்க்கெட்டில்
பதினேழு ரியாலை ஏழென்று வாசித்து
ஏழை எண்ணி நீட்டினேன்.
கணக்கு டீச்சர்.
கல்லாப் பையன் சிரித்தான். நானும்.

பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்திரிக்கிறாயே
என்றார் சதக்.
தட்டு காலி என்றேன்.
ஒன்றும் பேசாமல் தட்டை அரைவட்டம் திருப்பினார்.
நெய்மீன் துண்டொன்று வந்து நின்றது,
அப்போதுதான் கடலிலிருந்து ஏறியதுபோல.

கண்ணாடிக் கடை ஷிஜு
ஒரு கண்ணை மூடச் சொல்லி விரலை ஆட்டினான்.
மறு கண்ணை மூடச் சொல்லி ஆட்டினான்.
இரண்டு கண்ணிலும் அதே பக்கம் இல்லை.
"டீச்சரே, கண்ணுக்குக் குழப்பம் ஒண்ணுமில்ல"
என்று டார்ச்சை அணைத்தான்.
அணைத்த பிறகும் கையிலேயே வைத்திருந்தான்.
"முன்னே வேற ஏதாவது சுகக்கேடு இருந்ததா?"

அபாயாவுக்குள்,
இருபத்தாறு மாதம் முன்பு எடுத்த இடம்
சூடேறியது.
இனி ஒன்றுமில்லை என்று அன்று எழுதிக்கொடுத்த தாளை
லேமினேட் செய்து
ரெசிடென்ட் கார்டுகளோடு வைத்திருக்கிறோம்.

கறுப்பாகத் தெரியுமா என்கிறார்கள் எல்லாரும்.
இல்லை.
இப்போது உங்கள் பிடரிக்குப் பின்னால் என்ன நிறம்?
அந்த நிறம்.

ஸ்கேனில் பின்மண்டையின் வலப்புறம்
பேரீச்சங்கொட்டை அளவு வெள்ளை.
மார்பிலிருந்து கிளம்பி வந்ததாம்.
விசா இல்லை, ஸ்பான்சர் இல்லை.
நாங்கள் இந்த ஊருக்கு வர
பதினொரு மாதம் காத்திருந்தோம்.

தமிழ் வாசித்தால் சொற்களுக்குத் தலை போய்விடுகிறது.
கவலை, வலையாக வருகிறது.
நம்பிக்கையில் கை மட்டும்.
குர்ஆனில் வேறு மாதிரி.
வலமிருந்து வரும் வரியில்
தொடக்கம் தெரிகிறது, முடிவு காணோம்.
முடிவைக் கண்ணைக் கேட்காமல் வாய் ஓதிவிடுகிறது.
ஓதி முடித்த பிறகுதான் பயமாக இருக்கிறது.

இந்த நாட்டில் ஸ்டியரிங் இடப்பக்கம்.
ஆஸ்பத்திரிக்குப் போகும்போது
சதக் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.
புல் முளைக்காத மலையை ஒட்டி
ஒரு கார் தன்பாட்டில் போகிறது
என்னை ஏற்றிக்கொண்டு.
ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு கை வந்து
என் முழங்காலில் உட்காருகிறது.
கியர் மாற்ற எழுந்து போகிறது.
திரும்பி வருகிறது.
"ஏசி கூடுதலா இருக்கா?"

கதிர் இங்கேயா, சென்னையிலா
என்று அவரும் என் தம்பியும்
நான்கு இரவு பேசினார்கள்.
செலவைப் பற்றி என் காதில் விழாமல்
பால்கனிக்குப் போய்ப் பேசினார்கள்.
பாதி கண் போனவளுக்குக் காது முழுசாக இருக்கிறது.

இன்று காலை டிராவல்ஸ்காரனிடம் சொல்கிறார்:
ஜன்னல் சீட்.
வலப்பக்க ஜன்னல்.
இல்ல தம்பி, வலப்பக்கம்தான் வேணும்,
இறக்கை மறைச்சாலும் பரவாயில்ல.
அவங்களுக்கு வெளியே தெரியணும்.

எனக்கு அதுக்குப் பக்கத்துல, நடு சீட்.

நடு சீட் என்றால் என் இடப்பக்கம்.
யோசிக்காமல் சொன்னாரா
யோசித்துத்தான் சொன்னாரா
என்று முகத்தைப் பார்க்கத்
தலையை முழுசாகத் திருப்பினேன்.
அதற்குள் போனை வைத்துவிட்டு
பாஸ்போர்ட் தேட எழுந்திருந்தார்.